ரோபோவைக் கவிழ்த்துப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

தகர ரோபோ பொம்மைகளைச் சேர்க்க ஆசை, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தாய். கையில் எடுத்ததும் எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள்: சிவப்புக் கண், கம்பி வலை போட்ட வாய், நெஞ்சில் அச்சடித்த மீட்டர்கள். நீ முதலில் அதைக் கவிழ்த்துப் பார். யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள், நடுவில் யாராவது பிரித்து மாட்டினார்களா என்பதெல்லாம் அடியிலும் முதுகிலும் ஓரங்களிலும்தான் தெரியும்.

தகரம் என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய எஃகுத் தகடு. பொம்மைக்கு வண்ணம் போடுவது கடைசி வேலை என்று நினைப்போம். இங்கே அதுதான் முதல் வேலை. தட்டையான தகட்டில் கண், பொத்தான், திருகாணி, நிழல் வரை எல்லாவற்றையும் லித்தோ முறையில் அச்சடித்துவிட்டுத்தான் பிரஸ்ஸில் வைத்து வெட்டி, வளைத்து, புடைக்க வைப்பார்கள். துண்டுகளைச் சேர்க்கப் பெரும்பாலும் பற்றவைப்பு கிடையாது. ஒரு துண்டின் ஓரத்தில் சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்த் துண்டில் அதற்கேற்ற கீற்று இருக்கும். நாக்கை நுழைத்து மடித்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். அது ஒரு முறை மடங்குவதற்கென்றே செய்யப்பட்ட நாக்கு. நிமிர்த்தி மறுபடி மடித்தால் மடிப்பில் அச்சு உரிந்து வெறும் உலோகம் பளிச்சிடும். இன்னும் சில முறை மடித்தால் ஒடிந்து கையோடு வந்துவிடும். 'இதைப் பிரிக்கவே இல்லை' என்று விற்பவர் சத்தியம் செய்தால், அவர் நாக்கை விட்டுவிட்டு பொம்மையின் நாக்கைப் பார்.

ரோபோ முதலில் மேடையேறியது ஐரோப்பாவில், செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில். பொம்மையாக அது பெருகியதோ ஜப்பானில், அதுவும் போரில் தோற்று, தின்னச் சோறு இல்லாமல் கிடந்த ஜப்பானில். 1945 டிசம்பரில், சரணடைந்து ஏறக்குறைய நான்கு மாதமே ஆன நிலையில், ஒட்சு நகரில் மட்சுசோ கொசுகே என்ற பொம்மைக்காரர் அமெரிக்கப் படையினர் தின்று போட்ட காலி டப்பாக்களை வெட்டி, பத்து செ.மீ. நீளத்தில் ஜீப் செய்தார். விலை பத்து யென். கியோட்டோவில் கடைக்கு வந்ததும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரைப் பிடித்து வைத்திருப்பவனின் வண்டியை அவன் எறிந்த டப்பாவிலேயே செய்து விற்பதற்கு ஒரு தனித் தெம்பு வேண்டும். வெளிநாட்டு டாலர் வேண்டியிருந்த நாட்டுக்குப் பொம்மை நல்ல ஏற்றுமதிச் சரக்காகவும் ஆனது. அடியில் 'ஆக்குபைட் ஜப்பான்' என்ற முத்திரை இருந்தால் அது 1947க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலம். வெறும் 'ஜப்பான்' என்றிருந்தால் மற்ற அடையாளங்களைத் தேட வேண்டும்.

அந்த அடையாளங்கள் பெரும்பாலும் ஓரிரு ஆங்கில எழுத்துகள். டிஎன் என்றால் நோமுரா, டிஎம் என்றால் மசுதாயா, எஸ்ஹெச் என்றால் ஹோரிகாவா, ஒய் என்றால் யோனெசாவா. இவற்றை மனப்பாடம் செய்துகொள். அரை நாள் வேலை.

இப்போது தொழிலின் சூட்சுமத்துக்கு வருகிறேன். தகரத்தை அழுத்தும் எஃகு வார்ப்பைச் செய்வது பெரும் செலவு. தகரத்தின்மேல் படத்தை மாற்றி அச்சடிப்பது அதைவிடச் சல்லிசு. அதனால் ஒரே உடம்புக்குப் பல சட்டை போட்டார்கள். சேகரிப்பாளர்கள் 'ஐவர் கும்பல்' என்று அழைக்கும் மசுதாயாவின் ஐந்து ரோபோக்கள் இதற்குச் சரியான சான்று. ஏறக்குறைய 38 செ.மீ. உயரம், கால்களுக்குப் பதில் பாவாடை மாதிரி அடிப்பாகம், ஐந்துக்கும் ஒரே வார்ப்பு. 1957இல் வந்த ரேடிகான் வயரே இல்லாமல் ரேடியோ அலையில் ஓடியது. 'நான்-ஸ்டாப்' சுவரில் முட்டியதும் தானே திரும்பிப் போகும். இன்னொன்று ரயில் ஊதுகிற மாதிரி ஊதும். டார்கெட் ரோபோவின் நெஞ்சில் குறிவட்டம் உண்டு. பொம்மைத் துப்பாக்கியால் அதைச் சுட்டால் எதிர்வினை காட்டும். ஐந்தாவதான மெஷின் மேன்தான் அரிதிலும் அரிது, ஏலத்தில் பணக்காரர்களை மல்லுக்கு நிற்க வைப்பது. தொழிற்சாலைக்காரனின் சிக்கனம்தான் இன்றைக்குச் சேகரிப்பாளனின் 'தொகுதி' ஆகியிருக்கிறது. ஹோரிகாவா இன்னும் ஒரு படி மேலே போனது. சதுர உடம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒன்றின் நெஞ்சில் பற்சக்கரம் சுழல வைத்தது, இன்னொன்றின் நெஞ்சில் கதவு திறந்து துப்பாக்கி நீட்ட வைத்தது. இரண்டு ரோபோக்களை அருகருகே வைத்து, எது வார்ப்பில் வந்த வித்தியாசம், எது அச்சில் மட்டும் வந்த வித்தியாசம் என்று பிரித்துப் பழகு. பத்துப் புத்தகம் சொல்லாததை அது சொல்லும்.

நோமுராவின் கதை வேறு ரகம். 1956இல் 'ஃபர்பிடன் பிளானட்' என்ற ஹாலிவுட் படத்தில் ராபி என்ற ரோபோ வந்து குழந்தைகளைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது. அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றிய ராபர்ட் கினோஷிட்டா ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். போர்க்காலத்தில் அரிசோனா முகாமில் அடைத்து வைக்கப்பட்டவர். அவர் கை வைத்த உருவத்தை அடுத்த ஆண்டே டோக்கியோவில் நோமுரா தகரமாக்கியது. உரிமம் வாங்கவில்லை, அதனால் ராபி என்ற பெயரும் இல்லை. 'மெக்கனைஸ்டு ரோபோ' என்று பொதுவாகப் பெயர் வைத்துத் தப்பித்துக்கொண்டது. தலையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூண்டு, அதற்குள் விளக்கு வெளிச்சத்தில் ஏறி இறங்கும் பிஸ்டன்கள். திருட்டுச் சரக்குதான், ஆனால் அசல் பொம்மைகள் பலவற்றைவிட அழகு. படத்தில் நடித்த அசல் ராபி உடை 2017இல் நியூயார்க் ஏலத்தில் 53 லட்சம் டாலருக்கு மேல் போனது.

1960களின் கடைசியில் பிளாஸ்டிக் வந்து தகரத்தை ஓரங்கட்டியது. ஜப்பானில் கூலி ஏறியதும், கூரான ஓரங்களுக்கு எதிராக அமெரிக்காவில் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் சேர்ந்துகொண்டன. தூக்கிப் போட்டதை எல்லாம் பொறுக்கிச் சேர்த்தவர்களில் பேர்போனவர் தெருஹிசா கிதாஹாரா; 1986இல் யோகோஹாமாவில் தகர பொம்மைகளுக்கென்றே அருங்காட்சியகம் திறந்தார்.

அந்தப் பழைய பொம்மைகள் உன் பையில் இருக்கும் காசுக்குக் கிடைக்காது. ஆனால் அவற்றைப் பார்த்து இன்று செய்யப்படுபவை கிடைக்கும், அவற்றிலும் தரம் உண்டு. ஹோரிகாவா ரோபோக்களோடு தொடர்புடைய டோக்கியோப் பட்டறையான மெட்டல் ஹவுஸ், தகரத்தைக் கையால் பூட்டும் வேலையை விடாமல் நடத்திவந்திருக்கிறது. சீனாவில் செய்யப்படும் சாவி ரோபோக்கள் மலிவு, பார்க்கவும் லட்சணம்தான். ஓரங்களில் அச்சு நகர்ந்திருக்கிறதா என்று மட்டும் கவனி. மூன்றாவது வகை கலைஞர்களுடையது. நியூயார்க்கின் புரூக்ளினில் கார்டன் பென்னட் பழைய மரம், உலோகம், கண்ணாடி, பேக்கலைட் துண்டுகளைப் பொறுக்கி, அந்தக் காலச் சாயலில் ரோபோ செய்கிறார். அவை நகராது, அது குறையும் இல்லை. இப்படிப்பட்டதை வாங்கும்போது செய்தவரின் கையெழுத்தும் ஆண்டும் அடியில் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் கேட்டு வாங்கு.

புதுசைப் பழசென்று விற்பவர்கள் எங்கும் உண்டு. பெட்டியில் பார்கோடோ இணைய முகவரியோ இருந்தால் பேச்சே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா விளக்கை இருட்டில் பெட்டிமேல் அடி. பிற்காலக் காகிதத்தில் வெளுப்பேற்றும் ரசாயனம் கலந்திருப்பதால் நீலமாக ஒளிரும். பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே. அதன்மேல் வரைந்த படம்தான் பாதி மதிப்பு.

அடுத்து பேட்டரி மூடியைத் திற. உள்ளே கசிந்து பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் விலையைப் பாதியாகக் கேள். உன் அலமாரியில் இருப்பவற்றிலும் ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடு. நம் கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஒரு கீறல் கிடைத்தால் போதும், வெள்ளீயத்துக்கு அடியிலுள்ள எஃகைத் தின்ன ஆரம்பித்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் வை, ஜன்னல் வெயில் படாமல் பார்த்துக்கொள், தண்ணீர் போட்டுத் துடைக்காதே. உரிந்த இடத்தில் பெயின்ட் அடிக்கவே கூடாது. பழைய சாயங்களில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுக் குழந்தை வாயில் வைக்காத உயரத்தில் இருக்கட்டும்.

முதல் வாங்கலாக ஒரு மலிவான புதுச் சாவி ரோபோவை எடு. கொஞ்ச நாள் ஓட்டு, பிறகு துணிந்து பிரி. ஸ்பிரிங், பற்சக்கரங்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தி 'கிர்ர்' என்று சத்தம் எழுப்பும் அந்தக் குட்டித் தடுப்பு எல்லாம் உள்ளே இருக்கும். ஆனால் சாவி முழுக்க இறங்கிய பிறகுதான் நாக்குகளை நிமிர்த்து. முறுக்கேறிய ஸ்பிரிங் தெறித்தால் விரலைக் கிழித்துவிடும். இடுக்கியின் வாயில் துணி சுற்றிக்கொள், அச்சில் கீறல் விழாது.

அன்புடன்,
அண்ணன்