மாவின் ஓட்டமும் பிளேடின் வடிவமும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ராகி மாவு, மிளகாய்த் தூள், மல்லித் தூள் ஆகியவற்றைச் சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்கும் வணிகர்கள் பலர் உள்ளனர். காலையில் சரியாக 500 கிராம் விழுந்த மெஷினில் மாலையில் 485-க்கும் கீழே விழுகிறது என்பது அவர்களுக்குப் பழகிப்போன தொல்லை. தராசைச் சோதித்தால் தராசு சரியாகவே இருக்கும். கோளாறு மாவில் இருக்கிறது.

சாதாரண ஆகர் மெஷின் எடை போடுவதில்லை. திருகு இத்தனை சுற்று சுற்றினால் இத்தனை கன அளவு மாவு இறங்கும் என்ற கணக்கில்தான் அது ஓடுகிறது. மில்லிலிருந்து அப்போதுதான் வந்த மாவில் காற்று நிறைந்திருப்பதால் அதே சுற்றில் எடை குறையும். மூட்டையில் ஓரிரவு கிடந்து படிந்த மாவு கூடுதலாக இறங்கும். ஈரம் ஏறிய மாவோ ஹாப்பரில் பாலம் கட்டிக்கொண்டு திருகுக்கே வந்து சேராது.

இதில் சட்டமும் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி 500 கிராம், 1 கிலோ பாக்கெட்டுகளில் தனியொரு பாக்கெட்டுக்கு 15 கிராம் வரை பிழை பொறுத்துக்கொள்ளப்படும். 200 கிராமுக்கு 9 கிராம். ஆனால் சோதிக்கும் பாக்கெட்டுகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையக்கூடாது. மாவு ஈரமாக இருந்தது என்று ஆய்வாளரிடம் சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே மாவு எப்படி ஓடுகிறது என்பதை எண்ணால் அளக்க வேண்டியிருக்கிறது. குவியல் எவ்வளவு சரிவாக நிற்கிறது என்று பார்ப்பது பழைய முறை. கொட்டுபவர் கை மாறினால் சரிவும் மாறிவிடும். இங்கிலாந்தின் ஃப்ரீமன் டெக்னாலஜி நிறுவனத்தின் எஃப்டி4 என்னும் கருவி வேறு வழியில் போகிறது. கண்ணாடிக் குவளையில் தூளை நிரப்பி, அதனுள் ஒரு பிளேடைச் சுழற்றியபடியே இறக்குகிறது. சுழற்றத் தேவைப்பட்ட முறுக்குவிசையையும் மேலிருந்து அழுத்தும் விசையையும் சேர்த்து, தூளை நகர்த்தச் செலவான ஆற்றலைக் கணக்கிடுகிறது.

இங்கே எல்லாம் பிளேடின் வடிவத்தில்தான் இருக்கிறது. தட்டையான துடுப்பு ஒன்று நின்ற இடத்திலேயே சுற்றினால், முதல் சுற்றிலேயே மாவை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பிறகு வெற்றுப் பள்ளத்தில் சுற்றும். அப்போது நாம் அளப்பது மாவை அல்ல, பள்ளத்தை. முறுக்கிய பிளேடு திருகுப் பாதையில் இறங்குவதால் எப்போதும் தொடாத மாவையே சந்திக்கிறது. நடுப்பகுதி மெதுவாகவும் நுனி வேகமாகவும் செல்வதால், படகின் உந்துவிசிறி போல அதன் சாய்வு நடுவிலிருந்து நுனி வரை மாறிக்கொண்டே போகிறது. ஒரு திசையில் சுற்றினால் மாவை அழுத்தித் தள்ளும். மறு திசையில் மெல்ல அறுத்துத் தூக்கித் தளர்த்தும். அளப்பதற்கு முன் இப்படித் தளர்த்திவிடுவதால், மாவை யார் எப்படிக் கொட்டினார்கள் என்ற வேறுபாடு பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. நமக்கு இதுவே பெரிய விஷயமாகப் படுகிறது. 50 மி.மீ. குவளைக்கு 48 மி.மீ. பிளேடு என்று அளவும் வரையறுத்திருக்கிறார்கள். நுனி தேய்ந்த பிளேடில் கிடைத்த எண்ணைப் புதிய பிளேடின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

மளிகைக் கடைக்காரர் அந்தக் கருவியை வாங்கப் போவதில்லை. ஆனால் நம் ஹாப்பருக்குள்ளும் கிளறும் பிளேடு ஒன்று சுற்றுகிறதே! அது தேய்ந்தோ வளைந்தோ போனால் நடுவில் மட்டும் குழாய்போல் ஓட்டை விழும். ஓரத்து மாவு சுவரோடு ஒட்டி நிற்கும். மெஷினை நிறுத்தியதும் மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. 250 மில்லி அளவுக் குடுவையில் மாவைத் தளர்வாக நிரப்பி, துணி விரித்த மேசையில், இனி இறங்காது என்னும் வரை தட்டுங்கள். 200 மில்லிக்கு இறங்கினால் குறைந்தது 50. அதை 250-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 20. இதற்குக் கார் குறியீடு என்று பெயர், 1965-இல் வந்தது. 15-க்குள் இருந்தால் நன்றாக ஓடும். 25-ஐத் தாண்டினால் மெஷின் தகராறு செய்யும். ஒவ்வொரு லோடு மாவுக்கும் இந்த எண்ணை மூட்டையிலேயே எழுதி வைக்கலாம். முந்தைய லோடிலிருந்து எண் மாறியிருந்தால், திருகின் சுற்றைத் திருத்தி, முதல் 10 பாக்கெட்டுகளைத் தராசில் வைத்துப் பார்த்த பிறகே சீல் போடத் தொடங்குங்கள்.