கைக்கு எட்டாத நெறி: நிணநீர் மண்டலம் கற்பிக்க இரண்டு செயல்பாடுகள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் சுற்றோட்டத்தைக் கற்பிக்கும்போது இதயத்துக்கும் இரத்தத்துக்கும் பல பாடவேளைகள் ஒதுக்குகிறோம். நிணநீருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. வகுப்பில் காட்ட எதுவும் இல்லை என்று நினைப்பதே காரணம். ஆனால் மாணவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால், தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த நெறிதான் பாடநூலின் நிணநீர் முடிச்சு. அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

நெறி ஏன் கட்டுகிறது?

இரத்த நுண்நாளங்களிலிருந்து கசியும் திரவத்தின் ஒரு பகுதியை நிணநீர் நாளங்கள் சேகரிக்கின்றன. வழியில் உள்ள முடிச்சுகள் அதை வடிகட்டுகின்றன. கிருமி சிக்கினால் அங்குள்ள வெள்ளணுக்கள் பெருகும், முடிச்சு வீங்கும்.

காலிலிருந்து வரும் நிணநீர் தொடை இடுக்கோடு நிற்பதில்லை. வயிற்றின் பின்புறம், முதுகெலும்பை ஒட்டிப் பெருந்தமனியின் இருபுறமும் உள்ள முடிச்சுகள் வழியே மேலேறுகிறது. பிறகு மார்பு நிணநீர்க் குழாய் வழியாக, கழுத்தின் இடப்பக்க அடியில் உள்ள பெருஞ்சிரையில் கலக்கிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களின் நெறி விரலுக்குத் தட்டுப்படும். வயிற்றின் ஆழத்தில் இருப்பது பெரும்பாலும் தட்டுப்படாது.

செயல்பாடு 1: பாவாடையும் பாசிமணியும்

நாடா கோத்த பழைய பாவாடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நாடாவை இழுத்தால் இடுப்புப் பகுதி சுருங்கும். கீழ் விளிம்பு விரிந்தே இருக்கும். நம் குடல்தாங்கியும் இப்படித்தான் அமைந்துள்ளது. முதுகுப்புறச் சுவரில் ஒட்டியிருக்கும் அதன் அடிப்பகுதி ஏறத்தாழ 15 செ.மீ. மட்டுமே. அதன் விளிம்பில் தொங்கும் சிறுகுடலோ சுமார் 6 மீட்டர். பாவாடையின் மடிப்புகளுக்கிடையே பாசிமணிகளைத் தைத்துவிட்டால் அவையே குடல்தாங்கி நிணநீர் முடிச்சுகள். உண்மையில் இவை நூறுக்கும் மேல் உள்ளன. உணவிலிருந்து உறிஞ்சிய கொழுப்பும் இந்த வழியே செல்வதால், சாப்பிட்ட பின் இங்குள்ள நிணநீர் பால்போல் வெளுத்திருக்கும்.

செயல்பாடு 2: களிமண்ணில் ஸ்கேன்

கைக்கு எட்டாததை மருத்துவர் எப்படிப் பார்க்கிறார்? முதலில் செய்வது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட். ஒலிப் பாடத்தில் வரும் மீயொலியும் எதிரொலியும் இங்கே பயன்படுகின்றன. காற்று மீயொலியைத் திருப்பிவிடும். தோலின்மேல் பசை தடவுவது இதனால்தான். குடலில் வாயு நிறைந்திருந்தால் பின்னால் உள்ள முடிச்சுகள் தெரியாது.

அப்போது சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். எக்ஸ் கதிர்க் குழாய் உடலைச் சுற்றிவர, கணினி குறுக்குவெட்டுப் படங்களைக் கணக்கிட்டுத் தருகிறது. 1971-இல் இம்முறையில் முதல் நோயாளியைப் படமெடுத்த கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு, 1979-இல் கார்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வகுப்பில் இதைச் செய்துகாட்டக் களிமண் போதும். நீளமான உருளையாகப் பிசைந்து, நான்கைந்து ஊறவைத்த கொண்டைக்கடலைகளை உள்ளே அழுத்துங்கள். ஒரு பீன்ஸ் காயை நீளவாக்கில் புதையுங்கள். ஆசிரியரே கத்தியால் அரை செ.மீ. துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் மாணவர்கள் வரிசையாக வரையட்டும்.

ஒரே துண்டைப் பார்த்தால் கடலையும் வட்டம், பீன்ஸும் வட்டம். அடுத்தடுத்த துண்டுகளிலும் தொடர்ந்து வரும் வட்டம் பீன்ஸ். அதாவது இரத்தக் குழாய். இரண்டு துண்டுகளில் தோன்றி மறைவது கடலை, அதாவது முடிச்சு. மருத்துவர்களும் படங்களை மேலும் கீழும் நகர்த்தி இப்படித்தான் வேறுபடுத்துகிறார்கள்.

படம் சொல்வதும் சொல்லாததும்

"பெரிசா இருந்தா கேன்சரா சார்?" என்ற கேள்வி வகுப்பில் நிச்சயம் வரும். இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குக் குறுகிய விட்டம் 10 மி.மீ. தாண்டினால் பொதுவாக வீக்கம் எனக் கொள்கிறார்கள். குழந்தைகளுக்குச் சாதாரண வைரஸ் தொற்றிலும் வயிற்று நெறி கட்டும்; குடல்வால் வலிபோல வலிக்கும்; தானே அடங்கும். காசநோயில், நிறமூட்டும் மருந்து செலுத்தி எடுத்த சி.டி. படத்தில் முடிச்சின் ஓரம் வெளுத்தும் நடுப்பகுதி கறுத்தும் தெரிவதுண்டு. நடுவில் திசு அழிந்து இரத்த ஓட்டம் நின்றுபோவதே காரணம். அதுவும் ஐயத்தைத்தான் எழுப்பும். நோயை உறுதிசெய்ய ஊசி மூலம் திசு எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். படம் அளவையும் இடத்தையும் காட்டும்; காரணத்தை அது மட்டும் சொல்லிவிடாது.

ஆசிரியர் கவனத்துக்கு

காசநோய் என்றால் நுரையீரல், இருமல் என்றே மாணவர்கள் அறிந்திருக்கிறார்கள். குடலையும் வயிற்று முடிச்சுகளையும் அது தாக்கும்போது இருமல் இல்லாமலே இருக்கலாம். வாரக்கணக்கில் வயிற்றுவலி, மாலையில் இலேசான காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல் ஆகியவை சேர்ந்து தெரிந்தால், "ஸ்கூலுக்கு வராம இருக்க சாக்கு" என்று விட்டுவிடக் கூடாது. வருகைப் பதிவேடும் எடைப் பதிவும் நம்மிடம்தான் உள்ளன. பெற்றோரிடம் தனியே பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். மேல் பரிசோதனைக்கு நம் மாவட்டத்திலேயே 2017-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நோயின் பெயரை ஊகித்துச் சொல்வது நம் வேலையல்ல. வகுப்பில் அதைப் பேசுவதும் கூடாது.

பெற்றோருக்குத் தைரியம் சொல்ல ஒரு செய்தி உண்டு. வயிற்றுக் காசநோய்க்கு 6 மாத மருந்து போதுமா என்பதைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையமே ஆராய்ந்தது. 12 மாத சிகிச்சைக்கு அது குறைந்ததல்ல என்று 1997-இல் அறிக்கை வெளியிட்டது. அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்து இலவசம். இடையில் நிறுத்தாமல் சாப்பிடுவதுதான் முக்கியம். மருந்து சாப்பிடும் பிள்ளையை வகுப்பில் ஒதுங்கவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.