எது அளவு?

அன்புள்ள பாப்பா,

இயற்கை வளங்களை அளவோடு பயன்படுத்த வேண்டும் என்று பாடத்தில் படித்தாயாம். எது அளவு என்று மட்டும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான். போடியில் விடிவதற்கு முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைக்கு ஏறுகின்றனவே ஜீப்புகள், அவை போகும் ஏலக்காய்த் தோட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.

ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் தானாக வளர்ந்த செடி. பெரிய மரங்களின் அடியில், சருகு மக்கிய ஈர மண்ணில், இலைகளுக்கு நடுவே சிந்தும் வெயிலே அதற்குப் போதும். தேயிலைக்காகக் காட்டையே மழித்தவர்கள்கூட ஏலத்துக்கு மரங்களை விட்டுவைத்தது அதனால்தான். மழைக்கு முன்பு கிளைகளை மட்டும் கழிப்பார்கள். அவை மறுபடி தழைத்துவிடும். நீ கேட்ட அளவு இதுதான்: திரும்ப வளர்வதற்குள் அடங்குமாறு எடுப்பது.

அந்த அளவு எங்கே தப்பியது? இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி என்ற ஏல ரகம் பரவியபின் விளைச்சல் பல மடங்கு கூடியது. அது பெரிய சாதனை. ஆனால் இன்னும் கொஞ்சம் காய்க்கட்டும் என்று வெயிலுக்காக நிழலைக் குறைத்தார்கள். உரமும் பூச்சிமருந்தும் ஏறின. 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய 1 கிலோதான் தேறும். மீதி ஈரத்தை விரட்ட காய் உலர்த்தும் ஸ்டோரில் மணிக்கணக்காக விறகடுப்பு எரிய வேண்டும். அந்த விறகும் மரம்தானே?

எனக்கு அதிகம் கவலை தருவது தேனீதான். ஏலப்பூ ஒரு நாள்தான் இருக்கும். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். பூத்திருக்கும் நேரத்தில் மருந்தடித்தால் தேனீ சாகிறது. விளைச்சலுக்காக அடித்த மருந்தே விளைச்சலைக் குறைக்கிறது. அதன் எச்சம் காயிலும் தங்கும். சவூதி அரேபியா நம் ஏலக்காயைத் திருப்பி அனுப்பியதும் அதனால்தான்.

2024 கோடையில் இடுக்கி மலையில் ஏலச்செடிகள் ஏக்கர் ஏக்கராகக் கருகின. மழை பொய்த்ததும் வெயில் கூடியதும் உண்மை. ஆனால் நிழல் மெலிந்த தோட்டத்துக்கு அந்த வெயிலைத் தாங்கும் தெம்பு ஏது? நிழல்மரத்தை வெட்டி விற்ற பணம் ஒரு வருஷச் செலவுக்கு ஆகும். அந்த நிழல் மறுபடி வர உன் வயதைவிட அதிக காலம் பிடிக்கும்.

விடுமுறையில் அப்பாவோடு மெட்டுக்குப் போனால் செடியைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பார். ஏக்கருக்கு எத்தனை மரம் நிற்கிறது, பட்டுப்போன மரத்துக்குப் பதில் கன்று நட்டிருக்கிறார்களா, எந்தெந்த மாதம் மருந்தடிக்கிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் அக்காக்களிடம் கேள். பாடப்புத்தகம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். கேட்டதை எல்லாம் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா