ஸ்பைனல் போடப் பழகும் பிள்ளைகளுக்கு

1. இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதுதான் எல் 3-4 என்று அடித்துச் சொல்லாதீர்கள். 2000-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மயக்கவியல் டாக்டர்கள் தடவிச் சொன்ன இடத்தை எம்.ஆர்.ஐ.யில் சரிபார்த்தார்கள், 29 சதவீதம்தான் சரி. தவறியவை பெரும்பாலும் நினைத்ததற்கு மேலே. தண்டுவடம் எல் 1 பக்கம் முடிகிறது, சிலருக்கு இன்னும் கீழே. நிறைமாதக் கர்ப்பிணியின் முதுகில் எலும்பு பல நேரம் கைக்கே அகப்படாது.

2. அல்ட்ராசவுண்டில் கீழிருந்து எண்ணுங்கள். வயிறு பார்க்கும் வளைந்த புரோபை நடுக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளி நீளவாக்கில் வைத்தால், சேக்ரம் ஒரே வெள்ளைக் கோடாக ஓடும். அது அறுபடும் இடம் எல் 5-எஸ் 1. அதற்கு மேலே ரம்பப் பல்போல லாமினாக்கள். பிறகு குறுக்கே திருப்புங்கள். ஸ்பைனஸ் பிராசஸின் கறுப்பு நிழல் விலகி, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் வழி திறந்திருக்கிறது. புரோப் சாய்ந்திருக்கும் அதே சாய்வில்தான் ஊசியும் போக வேண்டும். மேல்கோட்டின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்; அழுத்திப் பிடித்திருந்தால் நிஜ ஆழம் சற்றுக் கூடும். எபிடூரலில் அந்த அளவு உதவும், ஆனால் இடத்தைச் சொல்வது உங்கள் சிரிஞ்சில் விடும் எதிர்ப்புதான்.

3. ஜெல்லைச் சுத்தமாகத் துடையுங்கள். குறியை ஊசி ஏறும் இடத்தில் போடாமல் நான்கு பக்கமும் தள்ளிப் போடுங்கள். கர்ப்பிணி அசைந்து உட்கார்ந்தால் தோல் நகர்ந்துவிடும், மறுபடி பாருங்கள்.

4. முதலில் ஒல்லியான முதுகிலேயே பழகுங்கள்.

5. குழந்தையின் துடிப்பு விழும்போது ஸ்கேன் மெஷினைத் தேடாதீர்கள்.

6. காலையில் அம்பத்தூர் நர்சிங் ஹோம், மதியம் ஆவடி, ராத்திரி பூந்தமல்லி என்று ஓடுகிற பிழைப்பு நமது. போர்ட்டபிள் மெஷினை டிக்கியில் போட்டுக்கொண்டால் என்ன என்று தோன்றும். கூடாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்துக்கு, நீங்கள் முதுகை மட்டும் பார்க்கிறீர்கள் என்பது கணக்கில்லை. 2012 திருத்தம் போர்ட்டபிளைப் பதிவான வளாகத்துக்குள்ளேயே கட்டிப்போட்டது. அம்பத்தூர் இப்போது சென்னை மாவட்டம், ஆவடி திருவள்ளூர். பதிவுக்குப் படியேற வேண்டிய ஆபீஸே வேறு. எரிச்சலாகத்தான் இருக்கும். பெண் சிசுக்களை நினைத்தால் எனக்கு அந்த எரிச்சல் நிலைப்பதில்லை. மெஷின் யார் பெயரில் பதிவு, எந்த ஃபாரம் என்று கேட்டுவிட்டே தொடுங்கள்.

7. மெஷினைக் கண்டதும் "பாப்பாவைப் பாக்கப் போறீங்களா டாக்டர்?" என்பார்கள். முதுகைத்தாம்மா என்று முன்பே சொல்லிவிடுங்கள். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்புவலி என்று வீட்டில் யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். நீண்டகால வலிக்கு ஊசி காரணமில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. குத்தின இடம் சில நாள் வலிக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார வையுங்கள்.