சாவியைத் தொடாதீர்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வண்ணார்பேட்டையில் முழங்கால் தண்ணீர். எதிரே வந்த பஸ் கிளப்பிய அலை பானெட்டில் ஏறியது. மாமாவின் பெட்ரோல் கார் இழுவை குறைந்து, திணறி, நின்றேவிட்டது. சாவியைத் திருப்பினார், 'டக்' என்ற சத்தம் மட்டுந்தான்.

"பேட்டரி இறங்கிட்டு மருமவனே."

ஹெட்லைட்டோ பளிச்சென்று எரிகிறது! "இனி திருப்பாதிய மாமா" என்று சாவியைப் பிடுங்கினேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

ஏர் ஃபில்டர் சொதசொதவென்று இருந்தது. ஆக, காற்று போகும் வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. காற்று அழுங்கும், தண்ணீர் அழுங்காது. மேலேறும் பிஸ்டன் முட்டி நிற்கும். பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் நிறம் மாறவில்லை. (பால் விட்ட டீ மாதிரி இருந்தால் ஆயிலை மாற்றாமல் சுற்றவே கூடாது.) ஸ்பார்க் பிளக் நான்கையும் எடுத்து, நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றினேன். இரண்டாவது சிலிண்டர் பீய்ச்சியதில் மாமா சட்டை நனைந்தது!

பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தோம். ராடு வளைந்திருந்தால் அந்த சிலிண்டரில் குறைத்துக் காட்டும். நான்கும் சமம். புது ஆயில், புது ஃபில்டர் போட்டதும் ஸ்டார்ட் ஆனது.

பக்கத்துத் தெருவில் விடாமல் ஸ்டார்ட்டர் அடித்த காருக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டியதாயிற்று.