டெப் வாங்குவதற்கு முன்

சாதாரண தரம் வரைக்கும் புத்தகத்துக்காக நாம் கவலைப்பட்டதில்லை. 1980ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. ஆண்டு பதினொன்று முடிந்ததும் அந்தக் கட்டு நின்றுவிடுகிறது. உயர்தர வகுப்புக்கு வந்த முதல் வாரமே நம் கைக்கு வருவது தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல் பிடிஎஃப்கள், டியூஷன் ஆசிரியரின் டியூட்கள், கடந்தகால வினாத்தாள்கள், ராத்தாமார் எழுதிய நோட்ஸின் படங்கள். எல்லாம் வட்ஸ்அப்பில் வருகின்றன. உம்மாவின் கைத்தொலைபேசியில் அவற்றை வாசித்து, தேவையானதைப் போட்டோகொப்பி எடுத்து ஒரு தவணையை ஓட்டினேன். போட்டோகொப்பிக் காசைக் கூட்டிப் பார்த்த அன்றுதான் வீட்டில் டெப் பற்றிய பேச்சு வந்தது.

உயர்தர மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் டெப் கொடுப்பதாக 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ஒரு யோசனை இருந்தது. அப்போது நான் சின்ன வகுப்பில் படித்தேன். அது நினைத்தபடி நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. அதன்பின் இறக்குமதிப் பொருள் எதையும் நம் வீடுகளில் யோசிக்காமல் வாங்க முடிவதில்லை. எங்கள் வீட்டில் இருந்தது உம்மாவின் சீட்டுக் காசு. குசினிக் கூரை திருத்துவதற்காக அவர் சேர்த்தது. கட்டாரில் இருக்கும் மாமா, "நான் ஒன்று அனுப்புறன், எட்டு அங்குலம், சிம்மும் போடலாம், மலிவா கிடக்கு" என்று குரல்பதிவு அனுப்பினார். எல்லோருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வினாத்தாளும் டியூட்டும் ஏ4 தாளில் அமைந்தவை. ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். எட்டு அங்குல டெப்பின் திரையைக் குறுக்காக அளந்தால் ஏறத்தாழ 10.8 சென்ரிமீற்றர்தான் வரும். அதாவது பக்கம் பாதியாகச் சுருங்கிவிடும். 12 புள்ளி அளவில் அச்சிட்ட தமிழ் எழுத்து 6 புள்ளியாகும். ஆங்கில எழுத்தை அந்த அளவிலும் ஓரளவு வாசித்துவிடலாம். தமிழில் 'ணு'வுக்கும் 'ணூ'வுக்கும், 'ழு'வுக்கும் 'மு'வுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சிறு வளைவுதான். அது மறைந்தால் ஒவ்வொரு வரியையும் விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டும். கைத்தொலைபேசியில் ஒரு தவணை முழுதும் நான் பட்ட பாடும் அதுதான்.

10.4 அங்குலத் திரையின் அகலம் சுமார் 13.6 சென்ரிமீற்றர். பக்கம் அறுபத்தைந்து வீத அளவில் தெரியும். பிடிஎஃப் செயலியில் ஓர வெள்ளையை வெட்டிவிடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. இரு பக்கமும் இரண்டரை சென்ரிமீற்றர் வெட்டினால் மிஞ்சுவது 16 சென்ரிமீற்றர். அப்போது எழுத்து எண்பத்தைந்து வீத அளவுக்கு வந்துவிடும். திரையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். 10.2 அங்குல ஐபேட் அங்குலக் கணக்கில் சற்றுச் சிறியது. ஆனாலும் அதன் திரை நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருப்பதால் அகலம் 15.5 சென்ரிமீற்றர் வருகிறது. நீண்டு ஒடுங்கிய திரை படம் பார்ப்பதற்குத்தான் வசதி. கடைப் பெட்டியில் போட்டிருக்கும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது என்பதைத் தோழியர் மறக்க வேண்டாம்.

அடுத்தது பேனை. கல்முனையில் ஒரு கடையில், "எந்த டெப்புக்கும் பேனை இருக்கு தங்கச்சி" என்று றப்பர் முனை வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அது விரலுக்குப் பதில் நிற்கும் குச்சி. திரைக்கு அது விரலா, குச்சியா, உள்ளங்கையா என்று பிரித்தறியத் தெரியாது. கொப்பியில் எழுதுவதுபோலக் கையைத் திரையில் ஊன்றினால் கோடு கண்டபடி இழுபடும். கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு யாராலும் ஒரு பாடம் முழுவதற்கும் குறிப்பு எடுக்க முடியாது. உண்மையான பேனையைத் திரை தனியாக அறிந்துகொள்ளும். பேனை கிட்டே வந்ததும் கையின் தொடுகையை அது பொருட்படுத்தாது. அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கும், மெலியும். 2020இல் வெளிவந்த சம்சுங் டெப் எஸ்6 லைட்டில் அந்தப் பேனை பெட்டிக்குள்ளேயே வருகிறது, அதற்கு சார்ஜும் தேவையில்லை. அதே சம்சுங்கின் மலிவான ஏ7 லைட், ஏ8 போன்றவை அந்தப் பேனையை ஏற்பதில்லை. ஐபேட்டுக்குப் பேனையைத் தனியாக, நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டும். விலை பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

பேனை ஏற்காத டெப்பை வாங்குவதை விடக் கைத்தொலைபேசியோடும் கொப்பியோடும் இருப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். வாசிக்க மட்டும் என்றால் அந்தக் காசுக்கு ஒரு வருடம் போட்டோகொப்பி எடுக்கலாம்.

நம் மொழிக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது. டெப்பில் படித்தால் வேண்டிய சொல்லை நொடியில் தேடி எடுக்கலாம் என்பார்கள். நம் டியூட்கள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினியில் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஆகவே யுனிகோட் விசைப்பலகையில் 'தமிழ்' என்று அடித்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. அந்த நான்கு எழுத்துகளையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்து அரைப்புள்ளியும் போட்டால் பல பிடிஎஃப்களில் சொல் வந்து நிற்கும். இதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். அன்று எங்கள் வகுப்பில் அதுதான் பேச்சு. படமாக எடுத்த நோட்ஸில் இந்த வித்தையும் பலிக்காது. நூலகம் இணையத்தளத்தில் நம் நாட்டுப் பழைய தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவை, கோப்புகளும் பெரியவை. அதனால்தான் சேமிப்பிடம் 64 ஜீபிக்குக் குறையாமலும் மெமரி கார்ட் போட இடத்தோடும் இருக்க வேண்டும் என்கிறேன். கெமராவைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

சிம் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் சிம் போடும் சாதனம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதாக இருக்க வேண்டும். அதன் பதினைந்து இலக்க ஐஎம்ஈஐ எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதில் வரும். வைஃபை மட்டும் உள்ள டெப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, விலையும் குறைவு. உம்மாவின் தொலைபேசியிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுத்தால் போதும். உம்மா அதை நிறுத்தினால் என் இணையமும் நின்றுவிடும். அதுவும் நன்மைக்குத்தான் என்று உம்மா சொல்கிறார்.

"இதுல எழுதிப் பழகினா சோதினைக்குக் கை வருமா மகள்?" என்று கேட்டதும் உம்மாதான். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. தேடிப் பார்த்தேன். 2014இல் அமெரிக்காவில் முல்லர், ஒப்பன்ஹைமர் என்ற இருவர், விரிவுரையை மடிகணினியில் தட்டச்சு செய்தவர்கள் சொன்னதை அப்படியே பதிவதையும், கையால் எழுதியவர்கள் சுருக்கித் தம் சொல்லில் எழுதி விளக்க வினாக்களுக்கு நன்றாக விடையளித்ததையும் காட்டினார்கள். பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. வாசிப்பைப் பற்றி 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தகவல் நிறைந்த பகுதிகளை, அதுவும் நேரம் குறித்து வாசிக்கும்போது, திரையை விடத் தாளே விளங்கிக்கொள்ள உதவுகிறது என்கிறது. நேரம் குறித்து வாசிப்பதுதானே பரீட்சை! நாம் எழுதப் போவதும் தாளில், பேனையால், மூன்று மணித்தியாலம். வழுக்கும் கண்ணாடியில் எழுதிப் பழகிய கைக்கு இரண்டாம் மணித்தியாலத்தில் விரல் கடுக்கும். ஆகவே கேள்வியில் உம்மாதான் சரி. குறிப்பும் வாசிப்பும் டெப்பில், கட்டுரைப் பயிற்சி முழுவதும் கொப்பியில் என்று பிரித்துக்கொண்டேன்.

மாமாவுக்கு வேண்டாம் என்று சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. தருகிறவரிடம் இது சரிவராது என்று எப்படிச் சொல்வது? அடிமட்டத்தைத் திரைமேல் வைத்து வரைந்த படத்தை அனுப்பி, புதியது வேண்டாம், பாவித்தது போதும், பேனை உள்ளதாக, வைஃபை மட்டும் உள்ளதாகக் கிடைத்தால் நல்லது என்று குரல்பதிவு போட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் இரவு, "உன்ட கணக்குச் சரிதான், பார்ப்பம்" என்று வந்தது. மிச்சக் காசு சீட்டிலிருந்து போனது. கூரை அடுத்த சீட்டுக்குத் தள்ளிப் போயிற்று.

பாவித்த டெப்பை வாங்குபவர்கள் ஒரு ஸ்கேன் பிடிஎஃப்பை மெமரி கார்டில் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். கையை நன்றாக ஊன்றிப் பத்து வரி தமிழ் எழுதுங்கள், திரையின் நான்கு ஓரங்களிலும் எழுதுங்கள். சார்ஜ் குழியில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.

உம்மா 2003இல் உயர்தரம் எழுதியவர். ஆறு கொப்பி நோட்ஸை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 காலையில் பாண்டிருப்புக் கரைக்கு வந்த கடல் அலுமாரியோடு அதைக் கொண்டுபோனது. பிறகு ஆசிரியராகும் எண்ணத்தில் திரும்பப் படிக்க நினைத்தபோது அவரிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. டெப்பும் ஓர் அலுமாரிதான். விழுந்தாலோ களவு போனாலோ எல்லாம் போய்விடும். எழுத்துச் செயலிகள் தம் சொந்த வடிவத்தில் சேமிப்பதால் கோப்பைப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது, பிடிஎஃப்பாக மாற்றி எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் காக்கா போனதும் அந்த வார நோட்ஸை மாற்றி, ஒன்று இணையத்திலும் ஒன்று அவருடைய பென் டிரைவிலும் போடுகிறேன். பென் டிரைவ் கடற்கரையில் இல்லாத மாமி வீட்டில் இருக்கிறது.