வானத்திலிருந்து அமிர்திக் காடு

விடுமுறையில் பிள்ளைகளோடு அமிர்திக்குப் போகிறோம். அந்தக் காடு கூடுகிறதா, குறைகிறதா என்று எப்படி அறிவது?

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் வனப்பரப்பைக் கணக்கிட்டு 1987 முதல் அறிக்கை வெளியிடுகிறது. செழித்த இலைகள் அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அதை வைத்துக் காட்டையும் வெறும் நிலத்தையும் பிரித்தறிகிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: ஜவ்வாது மலை மரங்களில் பல கோடையில் இலை உதிர்ப்பவை. டிசம்பர் படத்தோடு ஏப்ரல் படத்தை ஒப்பிட்டால், அழியாத காடும் அழிந்ததாகத் தோன்றும். வெவ்வேறு ஆண்டுகளின் ஒரே மாதப் படங்களையே ஒப்பிட வேண்டும்.

இரண்டு: இக்கணக்கெடுப்புக்குப் பயன்பட்ட லிஸ்-3 கேமராப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் நீள அகலம். ஒற்றைச் சந்தன மரம் வெட்டப்பட்டால் அதில் தெரியாது. அதை அருகில் இருப்பவர்தான் காண முடியும். கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். காடும் நம்மிடம் உள்ள அமானிதமே.